விரிப்பின் கால்பக்கம்

எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் ஒருமையில் கூப்பிட்டதில்லை. தொட்டிலில் கிடந்த என்னை அப்பா "வாங்க" என்று சொல்லித்தான் தூக்குவாராம். பூனை சமையலறைக்குள் வந்தால் அம்மா "வெளிய போங்க" என்பார். கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஊர் அழுக்கைக் கையால் தொட்டுப் பிழைக்கிறோம், அது நாக்கில் மட்டும் ஒட்டக் கூடாது என்பது அப்பாவின் பிடிவாதம். அவருக்குப் பிறகு அந்தப் பிடிவாதத்தைக் காப்பது என் பொறுப்பு.

எங்களுடையது நீராவிச் சலவைக்கூடம். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள், மருத்துவமனைப் போர்வைகள், மேசைத் துணிகள் எல்லாம் வண்டி வண்டியாக வந்து வெளுத்துப் போகின்றன. கீழ்த்தளத்தில் வேலை நடக்கும். அதற்கு மேலே, ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடியாக, என் அறை. அதற்கும் மேலே வீடு.

காலையில் பாய்லர் சூடேறியதும் ஆவி எழும்பிக் கண்ணாடியை மூடிவிடும். கைக்குட்டையால் ஒரு வட்டம் துடைத்துப் பார்ப்பேன். வெள்ளை விரிப்புகள் ஆள் இல்லாமல் தாமாக நடப்பதுபோல் தெரியும். இரண்டு முனைகள் ஒன்றையொன்று தேடி வரும், சேரும், மடிந்து மறையும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வட்டமும் மூடிக்கொள்ளும். பிறகு குரல்கள் மட்டும்தான். தரைப் பலகை வழியாக ஏறி வருகையில் அவை தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருக்கும். கண்ணை மூடி உட்கார்ந்தால், கட்டடமே தூக்கத்தில் பேசுவதாகத் தோன்றும்.

அது பேசியதோ மட்டமான பேச்சு.

இயந்திரச் சத்தத்தில் நீளமாகப் பேச முடியாது என்பார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு குட்டைப் பெயர். விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே இழுத்துத் தேய்க்கும் பெரிய இயந்திரத்துக்குப் பெரியம்மா என்று பெயர். சூடு அதிகமாகிவிட்டால் "பெரியம்மா முறைக்கிறா" என்று யாராவது கத்துவார்கள். துவைத்துப் பிழிந்து வெளியே தள்ளிய ஈரக் குவியல் மேகம். எத்தனை முறை துவைத்தாலும் போகாத கறை விருந்தாளி. பொய் சொல்பவரிடம் "நுரை விடாத" என்பார்கள். மூலையில் சாய்ந்து கண் அசந்தவர் உலர்கிறார். கணவன் மனைவிக்குள் சண்டையென்றால் சுருக்கம். தரையில் விழுந்து மறுபடி துவைக்கப் போகும் விரிப்பு மறுபிறவி.

எனக்கும் ஒரு பெயர் உண்டு. நான் படியிறங்கும் சத்தம் கேட்டதும் எங்கிருந்தோ ஒரு குரல், "கஞ்சி எறங்குது" என்று சொல்லும். சட்டைக் காலருக்குப் போடுகிற கஞ்சியைத்தான் சொல்கிறார்கள். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். நான் கேட்டதாகக் காட்டிக்கொண்டதில்லை. என் காலர் விறைப்பாக இருப்பதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை.

கீழ்த்தளத்தை நடத்தியவர் என் தம்பி. அவர் அந்தப் பேச்சை அவர்களைவிட நன்றாகப் பேசுவார், பாதிச் சொற்களை உண்டாக்கியவரே அவர்தான் என்றும் கேள்வி. ஆனால் மாலையில் வேலை முடிந்து மேலே வரும்போது, படிக்கட்டின் அடியில் ரப்பர் பூட்ஸைக் கழற்றி வைக்கிற இடத்திலேயே அந்தப் பேச்சையும் கழற்றி வைத்துவிடுவார். வெறுங்காலோடு மேலே வந்து, "அண்ணா, சாப்பிட்டீங்களா?" என்பார். அதற்குமேல் நான் கேட்டதுமில்லை, எதிர்பார்த்ததுமில்லை.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கால் இழுத்துக்கொண்டது. கை ஓரளவு தேறிவிட்டது. பேச்சு முழுவதுமாகப் போய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. திரும்பியது எது என்பதில்தான் இடி விழுந்தது. "அண்ணா" வரவில்லை. "சாப்பிட்டீங்களா" வரவில்லை. மகளின் பெயர்கூட வரவில்லை. வந்தவை மேகம், நுரை, பெரியம்மா. ஒருவர் அதிகம் புழங்கிய சொற்கள்தான் ஆழத்தில் தங்கும் என்றார் மருத்துவர். அப்படியானால் என் தம்பி எங்கே வாழ்ந்தார் என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அதை மருத்துவரிடம் கேட்க முடியாது.

எல்லாவற்றையும்விட அதிகமாக வந்த சொல் "வந்தியா?"

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இன்னொருவர் கால்பக்கத்தின் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு அவரை நோக்கி நடப்பார். நடுவில் தொங்கும் துணி முகத்தை மறைப்பதால் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அதனால் நிற்பவர் "வந்தியா?" என்பார். நடந்தவர் "வந்துட்டேன்" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் மூலைகள் கை மாறும். அதற்கு முன் யாரும் விடக் கூடாது, யாரும் வாங்கவும் கூடாது. விட்டால் விரிப்பு தரைக்குப் போகும், மறுபிறவியாகும். நேற்றுச் சேர்ந்தவரும் தலைமை மேஸ்திரியும் மடித்தாலும் அங்கே "வந்தியா"தான். "வந்தீங்களா" என்று யாரும் கேட்பதில்லை. வழக்கமாக மூத்தவர் நிற்பார், இளையவர் நடப்பார். என் தம்பி மேஸ்திரியாக இருந்தும், யாரோடு மடித்தாலும் கால்பக்கத்தைத்தான் எடுப்பாராம். நடப்பது அவருக்குப் பிடிக்குமாம்.

நான் அவருடைய அறைக்குள் நுழையும்போதெல்லாம் படுக்கையிலிருந்து என்னைப் பார்த்து அவர் "வந்தியா?" என்றார். என்னை. அறுபது வருடத்தில் அப்பாகூட என்னை அப்படிக் கேட்டதில்லை. நான் பதில் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னலைச் சரிசெய்துவிட்டு, உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்டுவிட்டு வருவேன். அவர் போர்வையின் ஓரத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தபடியே இருப்பார். நான் எழுந்து வரும்வரை அந்தப் பிடி தளராது.

தம்பி மகள் ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். அப்பாவின் வேலையை இப்போது அவர்தான் பார்க்கிறார். அவருக்கு என் முகத்துக்கு நேரே பேசத் தெரியும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

"பெரியப்பா, அப்பா உங்ககிட்ட பதில் எதிர்பாக்கறார்."

"கேள்வி மரியாதையா வரட்டும் அம்மாடி, பதில் தானா வரும்."

"அவர்கிட்ட இருக்கறதே அந்த ஒரு கேள்விதான்."

நான் மீதிப் படிகளை ஏறினேன்.

தம்பிக்குக் கண்ணாடி மாற்றப்போன இடத்தில்தான் அந்தச் சம்பந்தம் முளைத்தது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இளைஞர். அமைதியானவர், நல்ல உயரம், எதைச் சொல்வதற்கு முன்பும் தன் கண்ணாடியை ஒருமுறை துடைத்துக்கொள்கிறவர். தம்பி மகளுக்கு அவரைப் பிடித்திருந்தது. விசாரித்ததில் குடும்பமும் எங்களுக்கு ஈடானது. அவருடைய அப்பா பள்ளிகளை மேற்பார்வையிடும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வகுப்பறைக்குள் ஒரு வாத்தியார் மாணவனை "டா" போட்டதற்காக விளக்கம் கேட்டவர் என்று சொன்னார்கள். கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. உடனே ஒரு பயமும் வந்தது. அப்படிப்பட்டவரை எங்கள் கூடத்தில் உட்காரவைத்து, தம்பி அவரைப் பார்த்து "வந்தியா?" என்றால்?

தம்பி மகளின் நிபந்தனை ஒன்றே ஒன்று. அப்பாவின் வாயால் சரி என்று வர வேண்டும். வந்தால் கல்யாணம். வராவிட்டால் அவருக்குக் கல்யாணமே வேண்டாம்.

வராத வாயிலிருந்து எப்படி வரும் என்று கேட்டேன். குடும்பத்தில் மூத்தவன் நான் இருக்கிறேன், நான் சொன்னால் போதாதா என்றும் கேட்டேன். போதாது என்று தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு அப்படியே என் அப்பாவுடையது. அதனால் அதிகம் வாதாட முடியவில்லை.

முடிவில் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். அவர்கள் வரும் பிற்பகலில் தம்பி மேலே இருக்க வேண்டாம். சில வாரங்களாகவே அவரைக் கீழே அழைத்துப் போய் ஒரு மூலையில் நிறுத்துகிறார்கள், தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார், மற்றவர்கள் அவரை நோக்கி நடக்கிறார்கள், அதில் அவர் முகம் தெளிகிறது. அன்றும் அங்கேயே இருக்கட்டும். உடம்பு சரியில்லை, ஓய்வில் இருக்கிறார் என்று வருகிறவர்களிடம் சொல்லிவிடலாம். சம்பந்தம் முடிவானபின் மெதுவாகத் தெரியப்படுத்திக்கொள்ளலாம். தம்பி மகள் கேட்டுவிட்டு, "சரி பெரியப்பா" என்றார். எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அவர்கள் வந்தார்கள். ஆய்வாளர் கோட்டும் டையுமாக வந்து, நாற்காலியின் நுனியில் முதுகு படாமல் உட்கார்ந்தார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. அவருடைய மனைவி கூடத்தின் திரைச்சீலைகளைப் பார்த்து, இவ்வளவு வெள்ளையை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்றார். மகன் கண்ணாடியைத் துடைத்தார். காப்பி வந்தது. நாங்கள் மரியாதையை மாறி மாறிப் பரிமாறிக்கொண்டோம். தரைக்கு அடியில் பெரியம்மா உருண்டுகொண்டிருந்தாள். கோப்பைகளில் காப்பி லேசாக நடுங்கிக்கொண்டேயிருந்தது. யாரோ எங்கோ "மேகம் மேகம்" என்றார்கள். அந்தச் சத்தம் மூடிய கூடத்துக்குள் வந்து, கனவில் கேட்டதுபோல் கரைந்தது.

பெண்ணைக் கூப்பிடுங்கள் என்றார் ஆய்வாளர் மனைவி.

கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். அவர் உடுத்திக்கொள்ள எடுத்து வைத்திருந்த உடை கட்டிலில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. எங்கே இருப்பார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கீழே இறங்கினேன். "கஞ்சி எறங்குது" என்றது ஒரு குரல். அன்று ஆவி மிகவும் அடர்த்தி. பாய்லரில் ஏதோ வால்வு கசிந்துகொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. பத்தடிக்கு அப்பால் உலகம் இல்லை. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை தெரியும், மறையும். ஒரு சிரிப்பு பக்கத்தில் கேட்டுத் தூரத்தில் முடியும். ஈரத் தரையில் என் தோல் காலணிகள் வழுக்கின. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மூலையில் தம்பி தலைப்பக்கத்தைப் பிடித்து நின்றிருந்தார். எதிரே மகள் கால்பக்கத்தைப் பிடித்திருந்தார். மேலே ரப்பர் மேலங்கி, காலில் பூட்ஸ். பக்கத்து மேசையில் மடித்தவற்றை அடுக்கிக்கொண்டிருந்தவரை எல்லோரும் மடிப்பக்கா என்பார்கள். வாய் அவருக்குக் காது வரைக்கும் நீளும்.

மேலே எல்லோரும் காத்திருக்கிறார்கள், உடனே வாருங்கள் என்றேன்.

"அப்பா எங்கயோ நானும் அங்கதான் பெரியப்பா. அவரைப் பாக்கணும்னா இங்க வந்து பாக்கட்டும்."

குரலைத் தாழ்த்தி, குடும்ப மானத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். விரிப்பைத் தரையில் படாமல் உயர்த்திப் பிடித்தபடியே கேட்டார். பிறகு, பாதி மடிப்பில் விட்டுவிட்டு யாரும் போக முடியாது என்றும், தன்னை மேலே அனுப்ப வேண்டுமானால் யாராவது இந்த முனையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

நான் மடிப்பக்காவைப் பார்த்தேன். அவர் தன் இரண்டு கைகளையும் மேசைத் துணிகளுக்குள் அவசரமாகப் புதைத்துக்கொண்டார்.

"எனக்குக் கை ரெண்டுதான் பெரியவரே. ரெண்டும் வேலையா இருக்கு."

அக்கம்பக்கத்தில் இருந்த நிழல்களெல்லாம் திடீரென்று மிகவும் மும்முரமாக வேலை செய்ய ஆரம்பித்தன. அது சதியா இல்லையா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. மேலே ஆய்வாளர் காத்திருந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் கையை நீட்டி அந்த இரண்டு மூலைகளையும் வாங்கினேன்.

வெதுவெதுப்பாக இருந்தது. பெரியம்மாவிடமிருந்து அப்போதுதான் வந்த விரிப்பு. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்து, ஒரு விரிப்பு எவ்வளவு கனம் என்று என் கைக்குத் தெரியாது. மூலைகளை உயர்த்தியதும் நடுத்துணி எழும்பி எனக்கும் தம்பிக்கும் இடையில் வெள்ளையாக நின்றது. அவர் மறைந்தார். எல்லாம் மறைந்தது. வெள்ளையை நோக்கி நடந்தேன். காலடியில் தரை இருப்பதை மட்டும் உணர முடிந்தது. சிறுவயதில் காய்ச்சல் வந்தபோது போர்வைக்குள் ஒளிந்து கிடந்த நினைவு வந்தது. அப்போது போர்வைக்கு வெளியே ஒரு சின்ன நிழல் நின்றுகொண்டேயிருக்கும், உள்ளே வராது, போகவும் செய்யாது. அது தம்பி. அவருக்கு அப்போது சரியாகப் பேச்சு வராது.

என் விரல்கள் எதிலோ தட்டின. அவருடைய விரல்கள்.

துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "வந்தியா?" என்றார்.

நான் மூலைகளை அவர் கையில் வைக்கப் பார்த்தேன். வாங்கவில்லை. மறுபடியும் வைத்தேன். விரல்களை மூடிக்கொண்டார்.

"இந்தாங்க தம்பி, புடிங்க" என்றேன்.

"வந்தியா?"

"வந்திருக்கேன். உங்க அண்ணன்தான் வந்திருக்கேன்."

விரல்கள் திறக்கவில்லை. என் கைகள் வலிக்கத் தொடங்கின. கீழே இறக்கினால் விரிப்பு தரையில் படும். திரும்பிப் போகவும் முடியாது. எங்கள் சலவைக்கூடத்தில், எங்கள் குடும்பத்தின் மூத்தவன் கையிலிருந்து ஒரு விரிப்பு தரையில் விழுந்தது என்று சொல்ல இடம் கொடுக்க மாட்டேன். பின்னால் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. தோல் காலணிகள். அது யாரென்று எனக்குத் தெரிந்தது. காத்திருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்கள்.

"பெரியவரே, அந்த ஒரு சொல்லை வாங்காம அவர் விடமாட்டார்" என்றார் மடிப்பக்கா. கேலியாகச் சொல்லவில்லை.

போர்வையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்த அந்தக் கைகள் என் கண்முன் வந்தன. நான் அறைக்குள் இருந்த நேரமெல்லாம் அவர் எதையோ எனக்காகத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"வந்துட்டேன்" என்றேன்.

விரல்கள் திறந்தன. மூலைகளை வாங்கிக்கொண்டார். துணி இறங்கியது, அதன் பின்னாலிருந்து தம்பியின் முகம் வந்தது. ஒரு கணம் பார்த்தார். பிறகு வேலைக்காரரைப் பார்க்கிற பார்வையில் தாடையை அசைத்து, கீழே தொங்கும் மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போகச் சொன்னார். இன்னும் இரண்டு மடிப்பு பாக்கி இருந்தது. போனேன், வந்தேன். ஒவ்வொரு முறையும் கேட்டார். ஒவ்வொரு முறையும் சொன்னேன். என் காலர் ஆவியில் நனைந்து கழுத்தில் ஒட்டிக்கொண்டது.

"கஞ்சி எறங்கிடுச்சு" என்றது ஆவிக்குள்ளிருந்து ஒரு குரல். அது யார் என்று நான் தேடவில்லை.

திரும்பினால், அவர்கள் மூவரும் நின்றிருந்தார்கள். ஆய்வாளரின் கோட்டில் ஈரம் முத்து முத்தாகப் படிந்திருந்தது. மகனின் கண்ணாடி முழுவதும் ஆவி. அவர் அதைத் துடைத்தார், போட்டார், மறுபடி மூடிக்கொண்டது. கடைசியில் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, எங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாதவராக வெறும் கண்ணோடு நின்றார்.

நான் முறைப்படி சொன்னேன். "இவர்தான் என் தம்பி. பெண்ணோட அப்பா."

தம்பி அடுத்த விரிப்பின் தலைப்பக்கத்தை எடுத்துக்கொண்டிருந்தார். குரல் வந்த பக்கம் திரும்பினார். முதலில் தெரிந்தது உயரமான அந்த இளைஞர்தான்.

"வந்தியா?" என்றார்.

ஆய்வாளரின் புருவம் ஏறியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உடம்பு சரியில்லாதவர், என்ன சொல்கிறோம் என்று அவருக்கே தெரியாது என்று சொல்லிவிடலாம். அது என் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சற்று முன்புதான் நான் அவருக்குப் பதில் சொல்லியிருந்தேன். அர்த்தமில்லாத கேள்விக்கு நான் பதில் சொல்கிறவனில்லை.

"உங்களைத்தான் கேக்கறார்" என்றேன் இளைஞரிடம்.

அவருக்கு என்ன புரிந்ததோ. தடவிக்கொண்டே முன்னால் வந்தார். தம்பி மகள் கால்பக்கத்தை அவர் கையில் கொடுத்து, இரண்டே சொல்லில் முறையைச் சொல்லிவிட்டு விலகிக்கொண்டார். அவர் நடந்தார். கண்ணும் தெரியாது, தரையும் வழுக்கும், எதிரே வெள்ளைச் சுவர். மிகவும் மெதுவாக, தூக்கத்தில் நடப்பவரைப்போல் நடந்தார். சலவைக்கூடமே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. பெரியம்மா மட்டும் உருண்டுகொண்டிருந்தாள்.

தம்பி கேட்டார். இளைஞர், "வந்தாச்சு... இல்ல, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, தம்பியின் விரல்கள் மூடுவதற்குள் மூலைகளை விட்டுவிட்டார்.

விரிப்பு ஒரு பெருமூச்சுபோல் தரையில் இறங்கியது. ஈரம் அதன்மேல் சாம்பல் நிறமாகப் பரவியது.

தம்பி கீழே பார்த்தார். இளைஞரைப் பார்த்தார். பிறகு "மறுபிறவி" என்று சொல்லிச் சிரித்தார். பக்கவாதம் வந்தபின் அவர் சிரித்து நான் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது, அதில் எதுவும் இழுத்துக்கொள்ளவில்லை. மடிப்பக்கா முதலில் சேர்ந்துகொண்டார். பிறகு ஆவி முழுவதும் சிரித்தது.

சிரித்து முடித்ததும் தம்பி விழுந்த விரிப்பைச் சுட்டிக்காட்டி, இளைஞரிடம் தெளிவாக, "நாளைக்கு வா" என்றார்.

தம்பி மகளின் கை வாயைப் பொத்திக்கொண்டது. அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். புதிதாக வேலை கேட்டு வருகிறவர்களை என் தம்பி முதல்நாள் மடிக்கவிட்டுப் பார்ப்பார். எல்லோருமே ஒருமுறை விரிப்பை விடுவார்கள். வேண்டாதவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொள்வார். தன்னோடு வைத்துக்கொள்ளப் போகிறவரிடம் மட்டும்தான் "நாளைக்கு வா" என்பார். அவர் மறுநாள் வந்து, தான் விட்ட விரிப்பைத் தானே துவைத்துக் காயவைக்க வேண்டும். அதன்பிறகு அவர் எங்கள் ஆள்.

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார்.

"என் மகனை உங்க தம்பி 'வா'ங்கறார்."

"ஆமா. என்னையும் அப்படித்தான் சொன்னார். நீங்களும் கேட்டீங்க."

"நாளைக்கு வான்னா என்ன அர்த்தம்?"

"நாளைக்கு வரணும்னு அர்த்தம்."

"இந்தத் துணியைத் துவைக்கவா?"

"விட்டவர்தான் துவைக்கணும். அது இங்க முறை. பெண்ணைக் கொடுக்கறதுக்கு அவர் சம்மதம் சொல்லிட்டார். எங்க வீட்ல என் தம்பி சொன்னா நான் சொன்ன மாதிரி. இதுல மாத்தறதுக்கு ஒண்ணுமில்ல."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. என் முதுகு நேராகத்தான் இருந்தது, காலர் எப்படியிருந்தாலும். ஆய்வாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி, இந்தப் பிள்ளை இதுவரை ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைத்ததில்லை, விரிப்பு பிழைத்தால் அதிசயம் என்றார். இளைஞர் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்தார், போடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, என் தம்பியிடம்.

தம்பியிடம் அதற்குச் சொல் இல்லை. பாய்லர் இருந்த பக்கம் கையைக் காட்டினார். பாய்லர் ஏறும்போது என்று தம்பி மகள் சொன்னார்.

ஆய்வாளர் போகும்போது என்னிடம் கை கொடுத்தார். சம்பந்தம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மகன் வருகிறாரா பார்க்கலாம் என்பதுபோல் ஒரு தலையசைப்பு. நானாக இருந்தாலும் அவ்வளவுதான் செய்திருப்பேன்.

மறுநாள் காலை வழக்கத்தைவிட முன்னதாகவே என் அறைக்கு வந்துவிட்டேன். கண்ணாடி இன்னும் மூடியிருக்கவில்லை. பாய்லர் இரைய ஆரம்பித்ததும் கீழிருந்து முதல் ஆவி, யாரோ யோசித்து யோசித்து அனுப்புவதுபோல் எழும்பியது. தெருக்கதவு திறந்தது. உயரமான ஓர் உருவம் ஒளிக்கு முன்னால் நின்று, காலணிகளைக் கழற்றி வைத்தது. தம்பி மகள் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை அதன் முன்னால் வைத்தார். அளவு சரியில்லை போலிருந்தது. அப்படியே மாட்டிக்கொண்டு நடந்தது.

இளைஞர் துவைத்தார். நுரை அவர் முழங்கைவரை ஏறியதையும், மடிப்பக்கா பக்கத்தில் நின்று ஏதோ சொல்லச் சொல்ல அவர் தலையாட்டியதையும் துடைத்த வட்டத்தின் வழியாகப் பார்த்தேன். வட்டம் மூடியது. துடைத்தேன். மறுபடி மூடியது. அதன்பிறகு துடைக்கவில்லை. குரல்கள் மட்டும் வந்தன. பெரியம்மா முறைக்கிறா. மேகத்தை இறக்கு. நுரை விடாத. யாருடைய குரல் எது என்று பிரித்தறிய முடியவில்லை. ஒன்று மட்டும் புதிதாக இருந்தது.

பிறகு குரல்கள் நின்றன. எதற்கோ காத்திருக்கிற அமைதி. கண்ணாடியைத் துடைத்தேன். கீழே எல்லோரும் என் அறையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தம்பி. துவைத்துத் தேய்த்த அந்த விரிப்பு அவர் கையில் இருந்தது. அவர் பிடித்திருந்தது கால்பக்கம். தலைப்பக்கத்தை இளைஞர் தாங்கிக்கொண்டு, வாங்கிக்கொள்ள ஆள் வர வேண்டும் என்பதுபோல் நின்றார்.

இறங்கினேன். படிக்கட்டின் அடியில் காலணிகளைக் கழற்றினேன். "கஞ்சி எறங்குது" என்று யாரும் சொல்லவில்லை. இளைஞர் இரண்டு மூலைகளையும் என் கையில் வைத்தார். நான் வாங்கியதை உறுதிசெய்துகொண்டுதான் விட்டார். கற்றுக்கொண்டுவிட்டார்.

தம்பி நடக்க ஆரம்பித்தார். துணி எழும்பி அவரை மறைத்தது. ஒரு கால் பதியும் சத்தம், ஒரு கால் இழுபடும் சத்தம். பதிந்தது, இழுபட்டது. விரிப்புக்கு அந்தப் பக்கத்தில் மழைக்காலம் முழுவதையும் கடந்து ஒருவர் வந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது. மகள் பக்கவாட்டில் கை நீட்டியபடி கூடவே வந்தார், தொடவில்லை. சத்தம் நெருங்கியது. நின்றது. வெதுவெதுப்பான துணியில் விரல்கள் என் விரல்களைத் தொட்டன.

கேட்க வேண்டியவன் நான். தலைப்பக்கத்தில் நிற்பவர்தான் கேட்க வேண்டும். "வந்தீங்களா" என்று கேட்டால் அவர் பதில் சொல்ல மாட்டார். அந்தச் சொல் அவரை விட்டுப் போய்விட்டது. பூனையைக்கூட நாங்கள் ஒருமையில் அழைத்ததில்லை. அப்பா பார்த்துக்கொண்டிருந்தால் என்ன சொல்வார் என்று ஒரு கணம் நினைத்தேன். எதையும் சொல்லியிருக்க மாட்டார். தன் பிள்ளை நடந்து வந்துவிட்டார் என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"வந்தியா?" என்று கேட்டேன்.

வெள்ளைக்கு அந்தப் பக்கத்தில் தம்பி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டேன்" என்றார்.